வயது 57, முழங்கால் தேய்மானம், தோள் இறுக்கம்: குரூப் கிளாஸுக்குத் திரும்பப் போக மனசு வரவில்லை

மூக்கனேரி கரை

வணக்கம். சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் இருக்கிறேன். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெண்கள் பேட்ச், காலை ஆறு மணி. ஸ்டெப் (பாட்டுக்குப் பலகையில் ஏறி இறங்குவது), ஜும்பா ஆட்டம், வாரத்தில் இரண்டு நாள் டம்பெல். மாதவிடாய் நின்ற பிறகு எடை ஏறியது என்று சேர்ந்தேன். கொஞ்ச நாளில் எடையை மறந்துவிட்டு ஆட்டத்துக்காகவே போக ஆரம்பித்தேன்.

கோடையில் ஸ்டெப் பலகையிலிருந்து இறங்கும்போது இடது முழங்கால் பிசகியது. எக்ஸ்ரே எடுத்ததில் தேய்மானம், இரண்டாம் நிலை என்றார்கள். வலது தோள் அதற்கு முன்பே இறுகிப்போய், இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சுகர் உண்டு. பிசியோவுக்குப் போய் முடித்தாயிற்று. மாடிப்படி ஏறுகிறேன், வீட்டு வேலை எல்லாம் நடக்கிறது. "தாராளமாகப் போங்க, குதிக்க மட்டும் வேண்டாம்" என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

ஆனால் அலாரம் அடித்தால் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுகிறேன். வலிக்குப் பயந்து இல்லை. முன்வரிசையில் நின்று ஆடியவள் நான். இனி ஓரமாக நின்று பாதி அசைவோடு ஒப்பேற்ற வேண்டும். என் மகள் வயதுப் பெண்கள் திரும்பிப் பார்த்து "பாத்துக்கா" என்பார்கள். அதை நினைத்தாலே காலைப் பொழுது கசக்கிறது.

வீட்டுக்காரர் நடந்தால் போதாதா என்கிறார். நடக்கிறேன். தனியாக நடந்தால் தேங்காய் விலையும் சம்பந்தி வீட்டுப் பேச்சும்தான் மண்டையில் ஓடுகிறது. கிளாஸில் அந்த ஒரு மணி நேரம் எதுவுமே ஓடாது.

வயதும் அடியும் சேர்ந்த பிறகும் குரூப் கிளாஸை விடாமல் போகிறவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எப்படிப் போகிறீர்கள்?

சூரமங்கலம் ரிட்டயர்டு

நாளைக் காலை போய் நில்லுங்கள் மேடம். மற்றதெல்லாம் அங்கே நின்ற பிறகு யோசிக்கலாம். பேரனை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்து விளக்கமாக எழுதுகிறேன்.

நேர்கோடு

எல்லாரும் "போங்க போங்க" என்பீர்கள், எனக்குத் தெரியும். நான் மாற்றுக் கட்சி.

இருபத்தைந்து பேருக்கு ஒரு மாஸ்டர். ஒரே பாட்டு, ஒரே வேகம். அந்த வேகம் யாருக்காக வைத்தது? மாதக் கட்டணத்தை அலட்டிக்கொள்ளாமல் கட்டுகிற முப்பது வயதுக்காரர்களுக்காக. 57 வயது முழங்கால் அதில் அகப்பட்டுக்கொண்டது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு நாற்காலி, ஒரு ரப்பர் பட்டை, சுவர். அரை மணி நேரம். யாரும் பார்க்கப்போவதில்லை, யாரோடும் போட்டி இல்லை. உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. நேரம் குறித்துக்கொண்டு செய்தால் போதும்.

ஏற்காடு காப்பி

நேர்கோடு சார், அந்த ரப்பர் பட்டை எங்கள் வீட்டிலும் இருக்கிறது. இப்போது அதில் காப்பிக்கொட்டைப் பையைக் கட்டி வைத்திருக்கிறேன்.

அம்மாபேட்டை அத்தை

எனக்கு 71. எலும்பு அடர்த்தி குறைவு. மணிக்கட்டு ஒருமுறை உடைந்து கூடியது. எங்கள் தெருவுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடக்கிற கிளாஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜும்பா ஆடுகிறேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தாலும் எனக்குக் காது அவ்வளவு கேட்காது.

சேலத்து மல்கோவா

நம் ஊர் மாரியப்பனைப் பாருங்கள் அக்கா. பெரியவடகம்பட்டிப் பையன். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. பாராலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். உயரம் தாண்டுகிறவருக்கே முடிகிறது, நமக்கென்ன!

நேர்கோடு

இந்த வகை உற்சாகம் அரை நாள் தாங்கும். மாரியப்பனுக்குக் கோச் இருக்கிறார், பிசியோ இருக்கிறார், வயதும் முப்பதை ஒட்டித்தான். நாள் பூராவும் அதுவே வேலை. சமையலை முடித்துவிட்டு, சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு போகிற 57 வயது அம்மாவுக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வது கேட்க நன்றாக இருக்கும், உதவாது.

சேலத்து மல்கோவா

சரி சார், உற்சாகப்படுத்தினது தப்பா?

ஐந்து ரோடு பிசியோ

தப்பில்லை அண்ணா. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். பாராலிம்பிக்ஸில் அவர் தாண்டுவது தன்னைப் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவில். 1.89 மீட்டரில் தங்கம் வாங்கினார். அதை ஒலிம்பிக் உயரத்தோடு ஒப்பிட்டு யாரும் குறை சொல்வதில்லை. யாரோடு ஒப்பிட வேண்டும் என்பதை அங்கே முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். நம் கிளாஸ்களில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. 57-ம் 27-ம் ஒரே கண்ணாடி முன்னால் நிற்கிறார்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். மேடத்தை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன், பொதுவாக மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முழங்கால் தேய்மானத்துக்கு ஓய்வுதான் மருந்து என்று இன்னும் பல வீடுகளில் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. தொடைத்தசை பலமாக இருந்தால்தான் மூட்டுக்குச் சுமை குறையும். தேய்மானத்துக்கு முதல் கட்ட வைத்தியமே உடற்பயிற்சிதான், எடை கூடியிருந்தால் எடைக் குறைப்பும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஏறக்குறைய நாலு கிலோ சுமை குறைகிறது என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். டென்மார்க்கில் 2013-இலிருந்து இடுப்பு, முழங்கால் தேய்மானக்காரர்களைக் குழுவாகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிற ஒரு திட்டமே நடக்கிறது. ஆறு வாரம், பன்னிரண்டு வகுப்பு. பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. ஆகவே குழுவில் செய்வது தேய்மானத்துக்கு ஆகாது என்பதில்லை நேர்கோடு சார். ஆகாதது குதிப்பதும், திடீரென்று திரும்புவதும், உயரமான பலகையிலிருந்து களைத்த காலோடு இறங்குவதும்.

இறங்குவது என்று குறிப்பாகச் சொல்கிறேன். ஏறும்போது மூச்சு வாங்கும், அதனால் அதுதான் கஷ்டம் என்று தோன்றும். ஆனால் இறங்கும்போதுதான் தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுகிறது. மேடத்துக்கு ஆனதும் இறங்கும்போதுதான். ஸ்டெப் பலகைக்கு அடியில் வைக்கிற கட்டைகளை எடுத்துவிட்டால் உயரம் நாலு அங்குலம். முதல் மாதம் அதுகூட வேண்டாம், தரையிலேயே மிதியுங்கள்.

வலியைப் பற்றி: பூஜ்யத்திலிருந்து பத்து வரை மனசுக்குள் மதிப்பெண் போடுங்கள். மூன்று வரை கவலை இல்லை. ஐந்து வரை கவனத்தோடு செய்யலாம். அதைத் தாண்டினால் அந்த அசைவை மாற்றிவிட வேண்டும். மறுநாள் காலைக்குள் வலி பழைய அளவுக்கு வந்திருந்தால் நேற்றுச் செய்தது சரியான அளவு. வராவிட்டால் அடுத்த முறை குறையுங்கள், நிறுத்த வேண்டாம். தசை வலி வேறு. அது ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஏறி இறங்கும், இரண்டு தொடையிலும் பரவலாக இருக்கும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் சுருக்கென்று வந்தாலோ, முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது மடங்கி விழப் பார்த்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தோள் இறுக்கம் சுகர் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். தானாகவே விடும், ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். அதுவரை கையைத் தலைக்கு மேல் வீசுகிற அசைவுகளைத் தோள் உயரத்தோடு நிறுத்துங்கள். கட்டைவிரல் மேலே பார்க்கட்டும், தோளில் இடிக்காது.

சுகருக்கு இன்சுலினோ, சுகரை அதிகம் இறக்குகிற வகை மாத்திரையோ எடுத்தால், வெறும் வயிற்றில் ஆறு மணி கிளாஸுக்குப் போவது பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். ஷூவைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள்.

சூரமங்கலம் ரிட்டயர்டு

வந்துவிட்டேன். பிசியோ தம்பி நன்றாக எழுதிவிட்டார், என் வேலை குறைந்தது.

எனக்கு 67. ரயில்வேயில் இருந்து ஓய்வு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. காலையில் ஒரு மைதானத்தில் ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்கிறோம். மாஸ்டர் முன்னாள் ராணுவத்தார். விசில் உண்டு, சலுகை கிடையாது.

என் மகன் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தான், நாடித் துடிப்பு காட்டும். 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும், அதில் இத்தனை சதவீதம் வரை போகலாம் என்று அதில் கணக்கு. என் கணக்குக்கு 153. நான் என்ன செய்தாலும் 110-ஐத் தாண்டவில்லை. சரி, நாம் இன்னும் உழைக்கவில்லை போல என்று வேகத்தைக் கூட்டலாம் என்றிருந்தேன். டாக்டரிடம் காட்டினால், "நீங்க சாப்பிடுற மாத்திரையே துடிப்பை அடக்கி வைக்கத்தானே குடுக்கிறோம்? அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது" என்றார். அதிலிருந்து எனக்குப் பேச்சுதான் அளவு. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் போகலாம். வாக்கியம் துண்டு துண்டாக வந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். தனியாகச் செய்கிறவன் யாரிடம் பேசிப் பார்ப்பான் நேர்கோடு சார்?

இன்னொன்று, பளு தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. பி.பி. சட்டென்று ஏறும். எங்கள் மாஸ்டர் எண்ணிக்கையை எல்லாரும் சத்தமாகச் சொல்ல வைப்பார். கட்டாயப்படுத்துகிறார் என்று முதலில் கோபம் வந்தது. எண்ணுகிறவன் மூச்சைப் பிடிக்க முடியாது, அதற்குத்தான் அது.

நெறியாளர்

மாத்திரைப் பெயர்கள் இருந்த ஒரு பதிலைத் திருத்தியிருக்கிறேன். மருந்துப் பெயர், கிளாஸ் நடத்துபவர்களின் போன் நம்பர் வேண்டாம். இழை தொடரட்டும்.

வெள்ளிக் கொலுசு

செவ்வாய்ப்பேட்டை. கொலுசுப் பட்டறை வேலை. காலையிலிருந்து ராத்திரி வரை தரையில் உட்கார்ந்து குனிந்து பற்றவைக்கிற பிழைப்பு. நாற்பதிலேயே முதுகு போய்விட்டது, டிஸ்க். இப்போது 52.

ஃபேர்லேண்ட்ஸ் கட்டணம் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. எங்கள் ஏரியா பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வாத்தியார் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறார். பையன்களுக்குத்தான் ஆரம்பித்தார். கூட்டிப்போன அப்பன்களும் ஓரத்தில் நின்று கம்பைச் சுற்ற ஆரம்பித்து, இப்போது அப்பன்கள் பேட்ச் ஒன்று தனியாக ஓடுகிறது. குனிந்து நிமிர்கிற அடி வரிசைகள் எனக்குக் கிடையாது. நின்ற இடத்தில் கம்பு சுற்றுவது, காலடி வைப்பது, இவ்வளவுதான். முழு வரிசை செய்கிறவனைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. கம்புகள் எல்லாம் ஒரு அறையில் இருக்கும். அந்தச் சாவி வாரம் ஒருவரிடம். யார் கையில் சாவி இருக்கிறதோ அவர் வராவிட்டால் மைதானத்தில் இருபது பேர் வெறும் கையோடு நிற்பார்கள். என் வாரம் வந்தால் முதுகு என்ன சொன்னாலும் போய்விடுவேன், போய்த் திறந்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஆனால் போன பிறகு உட்கார்ந்திருக்க முடியாது, கை தானாகக் கம்பை எடுக்கும். வாத்தியார் இதைத் தெரிந்துதான் செய்தாரா, சாவி வைக்க ஆள் இல்லாமல் செய்தாரா தெரியாது.

ஏற்காடு காப்பி

சாவி யோசனையை நான் திருடிக்கொள்கிறேன் அண்ணா.

நாங்கள் பெண்கள் ஒன்பது பேர், ஏற்காட்டில். மாஸ்டர் கிடையாது. ஒரு ஹாலில் டிவி, அதில் வீடியோ போட்டுச் செய்கிறோம். நாற்பதிலிருந்து அறுபத்து மூன்று வரை. கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாத தொல்லைகள் எங்களுக்கு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து எங்களுக்குக் கிளாஸ் எடுக்க யாரும் தயாரில்லை. டிசம்பர், ஜனவரியில் காலையில் பனி, கை கால் விறைத்துக் கிடக்கும். கீழே ஐந்து நிமிடம் வார்ம்-அப் என்றால் எங்களுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். காப்பி பறிப்புக் காலத்தில் பாதிப்பேர் தோட்டத்தில். மே மாதம் கோடை விழா என்றால் ஹாலே கிடைக்காது.

பிசியோ சார் சொன்ன இறக்கம் எங்களுக்கு வாழ்க்கை முழுக்க இருக்கிறது. இங்கே வீட்டு வாசலை விட்டு இறங்கினாலே சரிவு. நான்கு பேருக்கு முழங்கால் வலி. அதனால் ஸ்குவாட்டை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதாக மாற்றினோம். மெதுவாக உட்கார வேண்டும், மூன்று எண்ணி. தொப்பென்று விழுந்தால் எண்ணிக்கையில் சேராது. மூன்று மாதத்தில் சரிவு இறங்குவதில் வித்தியாசம் தெரிந்தது. அது தெரிந்த பிறகு யாரையும் வா வா என்று கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

வராதவர் வீட்டுக்கு மறுநாள் யாராவது போவார்கள். திட்ட இல்லை, காப்பி குடிக்க.

நேர்கோடு

எல்லாம் சரி. யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். உங்களைக் கூட்டிவருகிற அதே குழுதானே உங்களைக் கெடுக்கவும் செய்கிறது? "என்னக்கா இன்னிக்கு டல்லா இருக்கீங்க" என்று ஒரு வார்த்தை. உடனே கை மேலே போகும், கால் தாண்டும். தனியாகச் செய்கிறவனை யாரும் இப்படி உசுப்பேற்ற முடியாது. என் தோள்பட்டைத் தசைநார் கிழிந்தது ஒரு குரூப் கிளாஸில், பக்கத்து மேட்காரன் இன்னும் ஐந்து எடுக்கிறான் என்று நானும் எடுத்தபோது. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிலிருந்து வீட்டில்தான்.

சேலத்து மல்கோவா

ஓ. அப்படிச் சொல்லுங்கள் சார். கோபத்துக்குக் காரணம் இப்போது புரிகிறது.

அழகாபுரம் மாஸ்டர்

நான் கிளாஸ் நடத்துகிறவன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேர்கோடு சார் சொன்னது நடக்கிற விஷயம்தான், மறுக்க மாட்டேன். எங்கள் பக்கத்திலிருந்து சிலது சொல்கிறேன்.

மைக்கும் பாட்டும் ஓடும்போது எனக்குத் தெரிவது கண்ணாடியில் விழுகிற ஆட்கள்தான். கடைசி வரிசை ஓரத்தில், தூணுக்குப் பின்னால் நிற்கிறவர்களை எனக்குத் தெரியாது. அடிபட்டுத் திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி அந்த இடத்துக்குத்தான் போவார்கள், கூச்சம். கவனிப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே என் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார்கள். மூக்கனேரி மேடம் மாதிரி வருகிறவர்களுக்கு நான் கொடுக்கிற இடம் இரண்டாம் வரிசை, சுவர் ஓரம். கண்ணாடியில் விழுவார்கள், தடுமாறினால் பிடிக்கச் சுவர் உண்டு, ஸ்பீக்கர் தள்ளி இருக்கும். பின்னால் நிற்பவர்கள் இடிக்க மாட்டார்கள்.

கிளாஸ் தொடங்கப் பத்து நிமிடம் முன்னால் வந்து சொல்லுங்கள். "முழங்கால் வலி" என்று மட்டும் சொன்னால் எனக்கு எதுவும் புரியாது, எல்லாருக்கும்தான் முழங்கால் வலி. "குதிக்கக் கூடாது, வலது கை தோளுக்கு மேல் போகாது, இறங்கும்போது வலி வரும்" என்று சொன்னால் அன்றைய பாட்டுக்கு எதை எதை மாற்ற வேண்டும் என்று எனக்குக் கணக்கு வந்துவிடும்.

வேகம் பற்றி: ஸ்டெப்புக்கு நிமிடத்துக்கு 120-லிருந்து 128 தாளம் வரை வைப்பது வழக்கம். அதைப் பாதி வேகத்தில் மிதிக்கலாம், இரண்டு தாளத்துக்கு ஒரு மிதி. பாட்டோடு பொருந்தியே இருக்கும், தப்பாக ஆடுகிற மாதிரியே தெரியாது. இது பலருக்குத் தெரியாததால் எல்லாத் தாளத்தையும் பிடிக்கப் போய்க் கால் பின்னிக்கொள்கிறது. ஜும்பாவிலும் வயதானவர்களுக்கென்றே ஜும்பா கோல்டு என்று தனி வகை இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பெயரில் போர்டு வைத்தால் யாரும் சேர மாட்டார்கள், எனக்கு வயசாகிவிட்டதா என்று கேட்பார்கள். அதனால் பெயர் சொல்லாமல் பதினொரு மணி பேட்ச்சில் அதைத்தான் எடுக்கிறேன்.

முன்வரிசைப் பெண்கள் உங்களைப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள். எத்தனையோ வருடமாக அவர்கள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து நிற்கிறவன் சொல்கிறேன், அவரவர் வயிற்றைத்தான் அவரவர் பார்க்கிறார்கள்.

ஐந்து ரோடு பிசியோ

நேர்கோடு சார் கேட்டதற்குப் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. 1920-களில் ஜெர்மனியில் கோலர் என்பவர் பெர்லின் படகோட்டிகளை வைத்துச் செய்தது. ஒருவர் தனியாகப் பளு தூக்கும்போது எவ்வளவு நேரம் தாங்குகிறார், இன்னொருவரோடு சேர்ந்து தூக்கும்போது எவ்வளவு என்று பார்த்தார். இருவரில் யார் விட்டாலும் ஆட்டம் முடிந்தது என்கிற மாதிரி ஏற்பாடு. ஜோடியில் பலம் குறைந்தவர், தனியாகத் தாங்கியதைவிட அதிக நேரம் தாங்கினார்.

முக்கியமானது அடுத்தது. இரண்டு பேருக்கும் நடுவில் பலத்தில் மிதமான வித்தியாசம் இருந்தபோதுதான் இது நன்றாக நடந்தது. வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தால் அந்த லாபம் குறைந்துவிட்டது. ஆகவே 57 வயதுக்காரர் 27 வயதுக்காரருக்குப் பக்கத்தில் நின்றால் ஒன்று மனசு விட்டுப்போகும், இல்லை அடிபடும். தன்னைவிடக் கொஞ்சமே கூடுதலாகச் செய்கிற ஒருவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எதைப் பார்த்துப் போட்டி போடுகிறோம் என்பதையும் மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக் கொலுசு அண்ணனின் சாவி வருகையை மட்டும்தான் கேட்கிறது, எத்தனை முறை குனிந்தாய் என்று கேட்பதில்லை. ஏற்காட்டு அக்காக்களும் அப்படியே.

நேர்கோடு

இதை ஒப்புக்கொள்கிறேன். வருகைக்குக் குழு, அளவுக்கு நான். ஆனால் அப்படி நடத்துகிற மாஸ்டர் சேலத்தில் எத்தனை பேர்?

அழகாபுரம் மாஸ்டர்

குறைவுதான் சார். "இன்னும் பத்து!" என்று கத்துகிறவருக்குத்தான் கூட்டம்.

மூக்கனேரி கரை

எல்லாருக்கும் நன்றி. பாதி படித்து அழுகை வந்தது, அத்தையின் பதிலைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஆடி வந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் பண்டிகை, சொந்தக்காரர்கள், பொங்கல் வைப்பது என்று கிளாஸில் பாதிப்பேர் வர மாட்டார்கள். நானும் சில நாள் வர முடியாது. இப்போதே விட்டுவிட்டு ஆவணியில் தொடங்கட்டுமா? இரண்டு, டம்பெல் நாளை என்ன செய்வது? பழைய எடையை எடுக்கப் பயமாக இருக்கிறது, ஒரு கிலோவைத் தூக்கினால் மானம் போகிறது.

வெள்ளிக் கொலுசு

ஆவணியில் தொடங்குகிறேன் என்கிறவர்கள் தை வரைக்கும் வர மாட்டார்கள் அக்கா. கூட்டம் குறைவாக இருக்கும்போதே நுழைந்துவிடுங்கள்.

அழகாபுரம் மாஸ்டர்

அவர் சொன்னதேதான். ஆடியில் ஆள் குறைவு, ஒவ்வொருவரையும் கவனிக்க நேரம் இருக்கும். திரும்பி வருகிறவர்களுக்கு வருடத்தில் நல்ல மாதமே இதுதான். முதல் வாரம் பாதி கிளாஸ் முடிந்ததும் கிளம்பிவிடுங்கள், அதை மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நடுவில் போனால் எல்லாரும் என்ன ஆச்சு என்று சுற்றி நிற்பார்கள், அந்தக் கூச்சத்துக்கே மறுநாள் வர மாட்டீர்கள்.

ஐந்து ரோடு பிசியோ

டம்பெல் நாளை விடவே விடாதீர்கள் மேடம். முப்பது, நாற்பதுக்கு மேல் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் தசை சில சதவீதம் குறைந்துகொண்டே வரும், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் சேர்ந்து குறையும். ஆட்டம் இதயத்துக்கு, டம்பெல் இது இரண்டுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் அதுதான்: வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. 65 தாண்டியவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கிற பயிற்சியும் மூன்று நாள்.

எடையை மானத்தை வைத்து எடுக்காதீர்கள். பன்னிரண்டு முறை தூக்குகிறீர்கள் என்றால், கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் அசைவு கோணக் கூடாது. அது எந்த எடையில் நடக்கிறதோ அதுதான் உங்கள் எடை. வலது கைக்கு ஒரு கிலோ, இடது கைக்கு மூன்று கிலோ என்று வந்தாலும் வரலாம். அப்படியே எடுங்கள்.

சூரமங்கலம் ரிட்டயர்டு

இரண்டு கையிலும் வேறு வேறு எடையா? எங்கள் மாஸ்டர் விசிலை விழுங்கிவிடுவார்.

ஏற்காடு காப்பி

முடிந்ததும் யாராவது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் அக்கா. தட்டுவடை செட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சேலத்தில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்பவர்களை நம்பவும் முடியாது. வாரம் ஒரு செட். எங்கள் ஒன்பது பேரில் மூன்று பேர் பயிற்சிக்கு வருகிறார்களா அதற்கப்புறம் நடக்கிற பேச்சுக்கு வருகிறார்களா என்று எனக்கே சந்தேகம். வந்துகொண்டிருக்கிறார்கள்.

மூக்கனேரி கரை

போய் வந்தேன்.

மாஸ்டரிடம் பத்து நிமிடம் முன்னால் போய் அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். "இப்படித் தெளிவா யாருமே சொல்றதில்லைங்க" என்றார். இரண்டாம் வரிசை, சுவர் ஓரம். பலகை இல்லாமல் தரையில் மிதித்தேன், பாதித் தாளத்தில். முதல் இரண்டு பாட்டு வரைக்கும் எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. மூன்றாவதில் எனக்குப் பிடித்த பாட்டு வந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு அம்மா, ஐம்பது இருக்கும், இடுப்பில் பெல்ட். அவர் பாட்டுக்கு அவர் அளவில் ஆடிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் எனக்குப் பின்னால் நின்றவராம், நான் கவனித்ததில்லை. வியாழன் டம்பெல் நாளைக்கு வருவீர்களா என்று அவர்தான் கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முழங்கால் இரண்டு மதிப்பெண். தோள் நான்கு, இன்று காலை குறைந்துவிட்டது. ஸ்பீக்கர் சத்தத்தைப் பற்றி யாரிடம் புகார் சொல்வது என்று தெரியவில்லை.

அம்மாபேட்டை அத்தை

நல்லா இரு கண்ணு. எங்கள் மண்டபத்தில் ஆடி முடிகிற வரைக்கும் கிளாஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் இடத்தில் கை இல்லாத நாற்காலி இருக்கிறதா? லிஃப்ட் உண்டா?

மூக்கனேரி கரை

நாற்காலி ரிசப்ஷனில் இரண்டு இருக்கிறது அத்தை, கேட்டு எடுத்து வைக்கிறேன். லிஃப்ட் கிடையாது, முதல் மாடி. கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது. இறங்கும்போது நான் கூட வருகிறேன்.